பத்து எண்ணும் வரை வாய் திறவாமை

மருந்து உள்ளே போய்விட்டது. பாட்டிலுக்குள் வெள்ளையாக ஒரு மேகம் கட்டியது, மெதுவாக இழுத்தேன், மேகம் சுருங்கி நெளிந்து வாய் வழியே இறங்கி இப்போது என் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது, குளிர்ச்சியாக, நாக்கின் அடியில் லேசான கசப்பை விட்டுவிட்டு. இனி நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருப்பது. எழுபத்திரண்டு வருஷத்தில் யாராலும் என்னைச் செய்ய வைக்க முடியாத காரியம். வாத்தியார் பிரம்பு வைத்து முயன்றார், என் வீட்டுக்காரி முத்துப்பேச்சி நாற்பத்தாறு வருஷமாகப் பிரம்பில்லாமல் முயல்கிறாள், இப்போது ஜெபக்கனி சிஸ்டர் ஒற்றை விரலை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பத்து எண்ணுவேன் தாத்தா, அதுவரைக்கும் மூச்சை விடக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். போன மாசம் இவளிடம்தான் கிணற்றுக் கதையைச் சொன்னேன், வாலிபத்தில் ஊர்க் கிணற்றில் முங்கி அடியில் ஓர் ஆமையோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தேன், தோற்ற கோபத்தில் ஆமை சோழியை விழுங்கிவிட்டது, அது திரும்பத் துப்புகிற வரைக்கும் காத்திருந்து சாயங்காலம்தான் மேலே வந்தேன் என்று. அவள் அதை மறக்கவில்லை. பாட்டிலை என் வாயில் வைக்கும்போது சொன்னாள், "அரை நாள் தண்ணிக்குள்ள இருந்த ஆளு, பத்து எண்ணுற வரைக்கும் இருங்க பாப்போம்." வராந்தா முழுக்கச் சிரித்தது, சிரித்தவர்களுக்கெல்லாம் இருமல் வந்தது, அதுதான் எங்கள் வியாழக்கிழமை, தாலுகா ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தாவில் மூச்சுக்காரர்கள் நாள், ஒருத்தன் சிரித்தால் இருபது பேர் இருமுவோம். பாதிப் பேர் வத்தல் கோடவுனில் மூட்டை தூக்கியவர்கள், மீதிப் பேர் அங்கேயே உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிய பொம்பளைகள், சிவப்புத் தூசி உள்ளே போய் அங்கேயே குடித்தனம் வைத்துக்கொண்டவர்கள். ஒண்ணு, என்கிறாள் சிஸ்டர்.

ஒன்று என்றால் இன்னும் ஒன்பது, அவசரமில்லை, வாய்தானே மூடியிருக்கிறது, மனசுக்கு மூச்சு வாங்குவதில்லை என்பதை இந்த இரண்டு வருஷத்தில்தான் கண்டுபிடித்தேன், வாயால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாதவன் உள்ளுக்குள் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம், கமா போட்டுக்கொண்டே போகலாம், கேட்க ஆள் இல்லை என்பது ஒன்றுதான் குறை. என் புலிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், கோடவுனுக்குள் புலி புகுந்த கதை, முப்பது வருஷமாக லிங்கம் டீக்கடையில் அதைச் சொல்லியிருக்கிறேன், சொல்லச் சொல்லப் புலி வளர்ந்திருக்கிறது, இந்த இரண்டு வருஷமாக அதை முடிக்க முடியவில்லை. புலி மலையிலிருந்து இறங்கும், கோடவுன் வாசலுக்கு வரும், முன்னங்காலைத் தூக்கி உள்ளே வைக்கும், அந்த இடத்தில் எனக்கு இரைப்பு வந்துவிடும், நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், புலி ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும், கேட்டவன் கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவான். இரண்டு வருஷமாக அந்தப் புலி மூன்று காலில் நிற்கிறது. மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரை மூச்சைக் கொஞ்சம் திறந்தது, கூடவே கையையும் ஆட்டிவிட்டது, என்னிடம் கொடுக்கும்போது முழுசாக இருக்கிற டீ வாய்க்கு வரும்போது பாதியாக இருக்கும், நெஞ்சுக்குள் யாரோ தறி ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வாயில் அடித்து உள்ளே இழுக்கிற பம்ப்தான் சரியான மருந்து, எல்லோருக்கும் தெரியும், மெடிக்கல் ஷாப்பில் அது கண்ணாடிக்குப் பின்னால் நகை மாதிரி உட்கார்ந்திருக்கும், நாங்கள் நகையைப் பார்க்கிற மாதிரிதான் அதையும் பார்த்துவிட்டு நடப்போம். ரெண்டு.

இந்த ஆஸ்பத்திரிக்கு பம்ப் வந்தது இல்லாமல் இல்லை. முன்னொரு தடவை வந்தது, டாக்டரம்மா ஷமீமா வருவதற்கு முன்னால், ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள், கொடுத்ததும் அந்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. ஒருத்தர் அதைச் சட்டையைக் கழற்றி நெஞ்சில் அடித்துக்கொண்டார், சுளுக்குக்கு அடிக்கிற மருந்து மாதிரி. காம்பு கிள்ளுகிற ஒரு அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, ரொம்ப முடியாத நாளைக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தி, தேதி முடிகிற வரை தினமும் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தர் வாயைத் திறந்து நாக்கில் அடித்துத் தண்ணீர் குடித்தார். நான் அப்போது நோயில்லாதவன், எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன், கதை கட்டினேன். அந்தக் கதைகள் எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தன, டாக்டரம்மா வந்து புதுசாகக் கேட்டு எழுதினால், உங்கள் ஊரில் உபயோகிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, அனுப்பியது வீண் என்று பதில் வருகிறதாம். எழுதி எழுதிக் கடைசியில் பன்னிரண்டு பம்ப் வந்திருக்கிறது, இருக்கிற நோயாளி அறுபது. பன்னிரண்டு பேர் என் கண் முன்னால் சரியாகச் செய்து காட்டட்டும், பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மீதி எல்லோருக்கும் சேர்த்து அன்றைக்கே கேட்டு அனுப்புகிறேன், அப்புறம் தெரியாது என்று யார் சொல்கிறார்கள் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்தக் காகிதம் இப்போது மேஜைமேல் இருக்கிறது, பறக்காமல் இருக்க ஒரு மருந்துப் புட்டியை மேலே வைத்திருக்கிறார்கள், பத்துப் பேர் எழுதியாகிவிட்டது, பதினொன்றாவது வரி நான், பன்னிரண்டாவது எனக்குப் பின்னால் நிற்கிற குருவையா. தோற்றால் வரிசைக் கடைசிக்குப் போய் அடுத்த மாசம்தான் வர வேண்டும். நான் இரண்டு மாசம் தோற்றவன். முதல் மாசம் சிஸ்டர் சொன்னது புரிந்ததா என்று கேட்டாள், நல்லாப் புரிஞ்சது தாயி என்று சொன்னேன், மருந்து முழுக்க அந்த மூன்று வார்த்தையோடு வெள்ளைப் புகையாக வெளியே போய்விட்டது. இரண்டாவது மாசம் மூன்று எண்ணும்போது எனக்கே ஒரு நல்ல கதை தோன்றிச் சிரித்துவிட்டேன். இந்தத் தடவை எதையும் தோன்ற விடக் கூடாது. பாட்டிலை மட்டும் நினைக்க வேண்டும், பன்னீர் சோடா பாட்டில், பம்புக்கென்று வர வேண்டிய குழாய் வரவே இல்லை என்று சிஸ்டர் தானே பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் கம்பியைக் காய்ச்சித் துளை போட்டு, பம்ப் பிதுங்காமல் உட்காருகிற அளவுக்கு, டேப் சுற்றி, மூணு என்கிறாள், மூன்று வந்துவிட்டது, போன தடவை விழுந்த இடம், தாண்டிவிட்டேன்.

தாண்டிவிட்டேன் என்று நினைத்ததுமே நெஞ்சு லேசாக இறுகுகிறது, இறுகினால் உடனே அந்த ஆணி ஞாபகம் வருகிறது, வரக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் அந்த ஆணி, லிங்கம் டீக்கடையில் பாய்லருக்குப் பக்கத்துத் தூணில், சணல் கயிற்றில் ஒரு பம்ப் தொங்கிய ஆணி. ஏழு பேர் சேர்ந்து வாங்கிய பம்ப். யார் வீட்டிலும் வைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை, வீட்டில் பம்ப் இருந்தால் ஒட்டுகிற நோய் என்பார்கள், பெண் கேட்டு வருகிறவர்கள் அலமாரியைப் பார்ப்பார்கள், அதனால் அது டீக்கடையில் தொங்கியது, அவனவனுக்கு முடியாதபோது வந்து, வாயைத் துடைத்து, இரண்டு அடி அடித்துவிட்டு, மறுபடி மாட்டிவிட்டுப் போவது, லிங்கம் ஒரு டீ குடிக்கச் சொல்வான். எத்தனை அடி மிச்சம் என்று யாருக்குத் தெரியும். காதில் வைத்து ஆட்டிப் பார்ப்போம். உள்ளேயிருக்கிற தகரக் குப்பியை உருவி டம்ளர் தண்ணீரில் போடுவோம், முங்கினால் நிறைய இருக்கிறது, மிதந்தால் தீரப் போகிறது, சாய்ந்து நின்றால் ஒருத்தன் பாதி என்பான் ஒருத்தன் கால் என்பான், ஏழு பேரும் டம்ளரைச் சுற்றி நின்று குனிந்து பார்ப்போம், தேர்தல் முடிவு பார்க்கிற மாதிரி. நாலு. ஐப்பசி மாசம், மழை, மத்தியானம், கடையில் லிங்கத்தைத் தவிர யாரும் இல்லை, நான் பம்பை எடுத்து ஓர் அடி அடித்தேன், கசந்தது, இரண்டாவது அடித்தேன், உஸ் என்ற சத்தம் வந்தது, கசப்பு வரவில்லை. மூன்றாவதும் அடித்துப் பார்த்தேன், சத்தம் மட்டும். கடைசி மருந்து எனக்குள் போய்விட்டது. மாட்டிவிட்டேன், ஆணியில், ஒன்றும் நடக்காத மாதிரி. சொன்னால் மறுபடி ஏழு பேரிடம் பிரிக்க வேண்டும், வெயிலுமுத்துதான் கடைசியை உறிஞ்சினான் என்பார்கள், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம், அப்படித்தான் நினைத்தேன், அதற்குள் அஞ்சு, ஆமாம் அஞ்சு, அதற்குள் குருவையா வந்தான், லாரியில் சரக்கு இறக்கிவிட்டு அப்படியே, முண்டாசுகூட அவிழ்க்காமல், உதடு நாவற்பழம் தின்ற மாதிரி, பேச முடியவில்லை, விரலால் ஆணியைக் காட்டினான், புருவத்தால் கேட்டான், இருக்கா. நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்றால், நாப்பது அடி இருக்கு மாப்ளே, தைரியமா இழு.

நாப்பது. எங்கிருந்து வந்தது அந்த எண். ஆமைக்கும் புலிக்கும் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான், யாராவது என்னைப் பார்த்துக் கேட்டால் என் வாய் தானாகப் பெரிசாக ஒன்றைக் கொடுத்துவிடும். அவன் இழுத்தான், உஸ், உஸ், காலிக் குப்பியை, நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன், ரயில்வே கேட் சாத்திக் கிடந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஷேர் ஆட்டோ அந்தப் பக்கம் நின்றது, சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, அதற்கு முடிவே இல்லை, அவன் உஸ், உஸ், நான் இன்னும் இருக்கு மாப்ளே இன்னும் இருக்கு என்று. பிழைத்துவிட்டான். ஐந்து நாள் வார்டில் கிடந்து எழுந்து வந்துவிட்டான். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், சொல்ல வேண்டும் என்றுதான் போனேன், போய் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஆஸ்பத்திரியை வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே ராத்திரியில் எறும்புகள் கட்டிய கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் இத்தனை நாள், தினமும் பார்க்கிறேன், தினமும் சொல்லவில்லை, ஆயிரம் பொய் சொல்கிறவனுக்கு ஓர் உண்மை தொண்டையில் மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியவில்லை. ஆறு, என்றாள் சிஸ்டர்.

ஆறு என்றவள் திரும்பிவிட்டாள். கையில் துணி சுற்றிய ஒருத்தர் வந்து நாய்க்கடிக்கு எந்த ரூம் என்று கேட்கிறார், நேராப் போய் இடது பக்கம் என்கிறாள், எந்த நாய், தெரு நாயா வளர்த்த நாயா, கடித்து எத்தனை நாள், சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்று விசாரிக்கிறாள், நல்ல பெண், எல்லாம் விசாரிக்க வேண்டியதுதான், ஆனால் தாயி, இங்கே ஒருத்தன் ஆறில் நிற்கிறான். நெஞ்சு கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. காதில் ஒரு இரைச்சல். வராந்தா முழுக்க என்னையே பார்க்கிறது, எல்லோருமே என்னோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. அப்போதுதான் எனக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கிற ஒரு அம்மா குருவையாவிடம் கேட்கிறாள், யாருண்ணே இந்தப் பெரியவரு, எல்லாரும் சிரிக்கிறாங்களே என்று. குருவையா தொண்டையைக் கனைக்கிறான். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும், என்னிடம் கற்றுக்கொண்டது, கதை சொல்லப் போகிறவனின் கனைப்பு.

"இவருதான் வெயிலுமுத்து. ஒரு காலத்துல கோடவுனுக்குள்ள ஒரு நரி வந்துச்சு. கெழட்டு நரி. ரெண்டு தும்மு தும்மிட்டுப் போயிருச்சு. அதைத்தான் முப்பது வருஷமாப் புலின்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாரு."

நரி. கிழட்டு நரி. இரண்டு தும்மல். அடப்பாவி, என் புலியை, ஒன்பது அடி நீளப் புலியை, முப்பது வருஷம் சோறு போட்டு வளர்த்த புலியை, இரண்டு வருஷமாக மூன்று காலில் நிற்கிற புலியை, ஒரே வாக்கியத்தில் நரியாக்கிவிட்டான், அதுவும் இதுவரை கேட்காத புதுக் காதில், அந்த அம்மா அப்படியாண்ணே என்கிறாள், நம்பிவிட்டாள், நாளைக்கு இது பரவிவிடும், ஊர் முழுக்க நரி. வாய் துடிக்கிறது, உதட்டுக்குப் பின்னால் புலி என்ற சொல் உட்கார்ந்துகொண்டு வெளியே விடு வெளியே விடு என்கிறது, ஒரே ஒரு சொல்தான், சொன்னால் மருந்தெல்லாம் அதோடு போய்விடும், வெள்ளையாக, எல்லோர் கண் முன்னாலும், பதினொன்றாவது வரி காலியாக நிற்கும், அறுபது பேரின் காகிதம் நிற்கும். என்னால் அறுபது பேர் நிற்பதா. என்னால் ஏற்கெனவே ஒருத்தன் மூச்சு நிற்கப் பார்த்தது போதாதா. விட மாட்டேன். பல்லைக் கடித்துக்கொள்கிறேன், இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன், கோபம் உச்சந்தலையில் ஏறி நிற்கிறது, ஆச்சரியம் என்னவென்றால் அந்தக் கோபம் அடைப்பான் மாதிரி மூச்சை உள்ளேயே வைத்திருக்கிறது, பயத்தில் விட்டுவிட இருந்தவன் கோபத்தில் விடாமல் இருக்கிறேன். சிஸ்டர் திரும்புகிறாள். எதுல விட்டேன் என்கிறாள். ஆறு என்கிறது பாதி வராந்தா. நாலு என்கிறான் குருவையா, கூசாமல், என்னைப் பார்த்துக்கொண்டே. ஆறுதான் சிஸ்டர், நான் விரல் விட்டு எண்ணினேன் என்கிறாள் ஒரு காம்பு கிள்ளுகிற அம்மா. அட, அவர் முகத்தைப் பாருங்க, நூறு தாண்டியிருக்கும் என்கிறார் இன்னொருத்தர். ஜெபக்கனிக்குச் சந்தேகம், எதற்கும் நாலிலிருந்தே எண்ணிவிடலாம், மருந்து இன்னும் நல்லாத் தங்கும் என்கிறாள், கிணற்று ஆளுக்கு இது என்ன பெரிசு என்கிறாள், என் ஆமையே என்னைக் கடிக்கிறது.

நாலு, மறுபடியும் நாலு, ஐப்பசி மத்தியானம், அஞ்சு, உஸ் உஸ், ஆறு, சரக்கு ரயில், எண்ணிக்கொண்டே இருந்தேன் அன்றைக்கும், பெட்டிகளை, ஐம்பத்தெட்டுப் பெட்டி, அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தான், ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை, எடுத்தால் பொய் விழுந்துவிடும் என்று, ஏழு, நெஞ்சுக்குள் ஒரு முஷ்டி மூடித் திறக்கிறது, அவனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும், இல்லை, இதைவிட, நான் மூச்சை வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறேன், அவன் விடவும் இழுக்கவும் முடியாமல், எட்டு, இருட்டிக்கொண்டு வருகிறது, ஓரங்களில், ஆனால் நடுவில், நடுவில் ஏதோ ஒன்று, இது என்ன, நெஞ்சுக் கூட்டின் அடியில், இரண்டு வருஷமாகப் பூட்டியிருந்த ஓர் அறையின் கதவு மாதிரி, தூசி தட்டி, கீல் கிறீச்சிட்டு, விலகுகிறது, விரல் நுழைகிற அளவு, கை நுழைகிற அளவு, ஒம்பது, ஆள் நுழைகிற அளவு, உள்ளே எவ்வளவு இடம், இவ்வளவு இடத்தையா இத்தனை நாள் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடாமல் இருந்தேன், ஒரு புலியே உள்ளே வந்து படுக்கலாம்.

பத்து.

விட்டேன். புகை வரவில்லை, ஒரு இழைகூட, வெறும் காற்று, மருந்து எல்லாம் உள்ளே. வராந்தா கை தட்டியது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார், பேனாவை எடுத்தார், பதினொன்றாவது வரியில் என் பெயரை எழுதினார், முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. உடனே மூச்சு திறந்துவிடாது தாத்தா, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், பேசாம உட்காருங்க என்றாள் ஜெபக்கனி, வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள், மறுபடி ஓர் அடி, மறுபடி பத்து, இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. அவள் சொன்னபடியே உட்கார்ந்தேன். நூறு எண்ணினேன், இருநூறு எண்ணினேன். கை ஆடவில்லை, தறி ஓடவில்லை. இழுத்துப் பார்த்தேன், அடி வரைக்கும் போனது, அடியைத் தொட்டுவிட்டு விசில் இல்லாமல் திரும்பி வந்தது. பிறகு எழுந்து அந்தப் புது அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"புலி, தாயி, நரியில்ல, மேக்கே மலையில இருந்து ஒரு ஆட்டை விரட்டிக்கிட்டு எறங்கின ஒம்பது அடிப் புலி, ஆட்டை வாசல்லயே முழுங்கிட்டு முன்னங்காலைத் தூக்கி உள்ள வச்சது, உள்ள தொள்ளாயிரம் மூட்டை குண்டு வத்தல், மொத தும்மல்ல கூரை ஓடு நாப்பது பறந்துச்சு, ரெண்டாவது தும்மல்ல முழுங்கின ஆடு உசுரோட வெளிய வந்து புலியைப் பாத்துக் கனைச்சுட்டுப் போச்சு, மூணாவது தும்மல்ல ஒடம்புல இருந்த கோடெல்லாம் கறுப்புக் கறுப்பா உதிந்துபோச்சு, நான்தான் வாரியலைக்கொண்டு கூட்டினேன், காம்பு கிள்ளுற பிள்ளைக அதை எடுத்துச் சடையில கட்டிக்கிருச்சுக, கோடில்லாத புலி வெக்கப்பட்டுச் சுருங்கிச் சுருங்கி மியாவ்னுட்டு வெளிய போச்சு, நம்பலைன்னா அந்தா அந்தக் காம்பவுண்டுச் சுவத்தைப் பாரு, மஞ்சப் பூனை ஒண்ணு படுத்திருக்கா, அதோட பேரன்."

ஒரே மூச்சு. கடைசிச் சொல் வரைக்கும். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், பூனை கொட்டாவி விட்டது. இரண்டு வருஷத்துக்கப்புறம் என் புலி நாலு காலையும் தரையில் ஊன்றியது. அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், குருவையாவைப் பார்த்து, நரின்னு சொன்னீகளே என்றாள். குருவையா வாயில் பாட்டில் இருந்தது, அவன் முறை வந்துவிட்டது.

ஜெபக்கனி எண்ண ஆரம்பித்தாள். எனக்கு அவன் காதருகே போய் நரி மாதிரி ஊளையிட வேண்டும் என்று இருந்தது, பழி வாங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது, ஒரு சின்ன ஊளை போதும், அவன் சிரிப்பை அடக்கத் தெரியாதவன். அவனும் அதைத்தான் எதிர்பார்த்து ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். அதே கண்கள், அன்றைக்கு டீக்கடையில் பார்த்த மாதிரியே எடுக்காமல் பார்க்கிற கண்கள், இந்தத் தடவை உதட்டில் நாவற்பழம் இல்லை, உள்ளே நிஜ மருந்து. அவன் மூச்சைப் பிடித்தான், நானும் அவனோடு பிடித்தேன், யாரும் கேட்காமலேயே, என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பத்து எண்ணுகிற வரைக்கும் என் வாய் சொந்த விருப்பத்தில் மூடியிருந்தது. ஆறில் யாராவது நாயோடு வந்துவிடக் கூடாதே என்று வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. பத்து. பன்னிரண்டாவது வரி நிரம்பியது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், அந்தச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது, காகிதத்தை மடித்து உறையில் போட்டுத் தபாலுக்கு இல்லை, இன்றைக்குச் சாயங்காலம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். மீதி நாற்பத்தெட்டுப் பேருக்கும் பேரும் வயசும் போட்டு எழுதியாகிவிட்டது. பம்புக்குக் குங்குமம் வைத்த அம்மாவும் அதில் இருக்கிறாள், அடுத்த மாசத்துக்கு இப்போதே ஜெபக்கனியிடம் காலிப் பாட்டில் கொடுத்துத் துளை போடச் சொல்லிவிட்டாள்.

நானும் குருவையாவும் சட்டைப் பையில் ஆளுக்கொரு பம்ப்போடு வெளியே வந்தோம். மத்தியான வெயில். ஆளுக்கொன்று, கயிறில்லை, ஆணியில்லை, அவரவர் பையில் அவரவர் மூச்சு. அவன் அடிக்கடி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், புதுச் செருப்பு வாங்கியவன் காலைப் பார்க்கிற மாதிரி. ரயில்வே கேட் திறந்து கிடந்தது, தண்டவாளத்தைத் தாண்டும்போது நான் நின்றேன். இரைப்பினால் நிற்கவில்லை, சும்மா நின்றேன். மூச்சு இருந்தது, அதனால் இனி அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

"மாப்ளே, அன்னைக்கு டீக்கடையில அந்தப் பம்ப் காலி. எனக்குத் தெரியும். கடைசி அடியை நான்தான் அடிச்சேன்."

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான், இரண்டு பக்கமும், ரயில் வருகிறதா என்று பார்க்கிறவன் மாதிரி. பிறகு என்னைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினான்.

"தெரியும் மச்சான். மொத அடியிலயே தெரியும், கசக்கலையே."

பிறகு ஏன் இழுத்தாய் என்று கேட்டேன்.

"வேற என்ன இருந்துச்சு இழுக்க? நீ நாப்பதுன்னே. சரி, நாப்பது வரைக்கும் சாகக் கூடாதுன்னு எண்ணிக்கிட்டே இழுத்தேன். முப்பத்தெட்டுல ஆட்டோ வந்துருச்சு." பையை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். நான் பின்னாலேயே போனேன், அவன் திரும்பாமலே சொன்னான், "உன் வாய்க்கு அன்னைக்கு என்ன கஞ்சத்தனம்? நூறுன்னு சொல்லியிருந்தா ஆட்டோவே வேண்டாம், நடந்தே வந்திருப்பேன்."

சிரித்தேன். லிங்கம் கடை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன், இருமல் வரவில்லை.